நூற்பட்டியல் மென்பொருளை லினக்ஸுக்குக் கொண்டுசேர்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

நூலகத் தோழர்களுக்கும், நிரலெழுதித் தந்த நண்பர்களுக்கும், இம்மடலில் பெரும்பகுதிக்கு உரியவரான ஓய்வுபெற்ற நூலகர் அம்மாவுக்கும் வணக்கம்.

கடைசியாக மீதமிருந்த வாசகசாலையிலிருந்தும் "திறக்கிறது, தேடுகிறது, அச்சடிக்கிறது" என்று நேற்று மாலை செய்தி வந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்ததிலிருந்து நாம் பட்ட பாட்டை இங்கே விவரிக்கத் தேவையில்லை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போனவர்களையும் நாம் அறிவோம், புதியது வாங்க நம் வாசகசாலைகளிடம் இருந்த பணத்தையும் அறிவோம். அதே பழைய கணினிகளில் இன்று லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் இயங்குகிறது. விண்டோஸை மட்டுமே மனத்தில் வைத்து டெல்பி என்ற நிரலாக்கக் கருவியில் எழுதப்பட்ட நம் மென்பொருளும் அதில் இயங்குகிறது.

இடைக்காலத்தில் நம்மைத் தாங்கிப் பிடித்தது, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்க உதவும் வைன். 1993-இல் தொடங்கி, பதினைந்து ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2008-இல்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்ட அந்தத் திட்டத்தில் உழைத்தவர்கள் நம்மை அறியமாட்டார்கள்; ஆயினும் முதல் நன்றி அவர்களுக்கே. நிரந்தரத் தீர்வாக, மூல நிரலை, டெல்பியைப் போன்ற இலவசக் கருவியான லாசரஸுக்கு மாற்றி, ஃப்ரீ பாஸ்கல் என்ற தொகுப்பான் கொண்டு லினக்ஸுக்கும் மேக்குக்கும் தனித்தனியே தொகுப்பது என்று முடிவு செய்தோம். படிவங்களும் பொத்தான்களும் எதிர்பார்த்ததைவிட ஒழுங்காகவே வந்து சேர்ந்தன. உண்மையான சிக்கல் திரையில் தெரியாத இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் நிரலாளர் அல்லர்.

சோதனைப் பதிப்பை அனுப்பியபோது நாங்கள் எல்லோரிடமும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: திறக்கிறதா, இல்லையா? பெரும்பாலோர் ஒரு சொல்லில் விடையளித்தார்கள். அம்மாவிடமிருந்து மட்டும் கோடு போட்ட தாளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிய ஒரு பதில் வந்தது. நீல மையில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் திரையில் கண்ட வரிசை, வலப்பக்கம் இருக்க வேண்டிய வரிசை, இடையே சிவப்பு அம்புக்குறிகள். தாளின் தலைப்பில் இப்படி எழுதியிருந்தார்: "ஆங்கில நூல்கள் ஏ முதல் இசட் வரை தனித்தனியாக நிற்கின்றன. தமிழ் நூல்கள் அத்தனையும் ஒரே தலைப்பின்கீழ்க் கிடக்கின்றன. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி."

அந்த இரண்டு வாக்கியங்களே எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. டெல்பியில், 2009 பதிப்பிலிருந்து, சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) இரண்டு பைட் அலகுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-16 முறையில் இருப்பதால் தலைப்பின் முதல் அலகை வெட்டியெடுத்தால் 'க' என்றோ 'ம' என்றோ முழு எழுத்து கிடைக்கும். லாசரஸில் சரங்கள் ஒற்றை பைட் அலகுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இருக்கும். அங்கே ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், அந்த மூன்றில் முதல் பைட் தமிழின் எல்லாக் குறிகளுக்கும் ஒன்றேதான். முதல் அலகை வெட்டும் அதே நிரல்வரி அங்கே அந்த முதல் பைட்டை மட்டும் வெட்டியெடுத்து, அகரம் முதல் னகரம் வரை அனைத்தையும் ஒரே குவியலாக்கியிருந்தது. திருத்துவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

தாளின் கீழ்ப்பாதி அவ்வளவு எளிதாக விடவில்லை. "மனம், மயில், மரம், மறதி, மலை, மழை" என்று திரை காட்டுகிறது என எழுதி, அதன் எதிரே "மயில், மரம், மலை, மழை, மறதி, மனம்" என்று எழுதியிருந்தார். பகல் முன்னும் பக்கம் பின்னும் வருவதையும், பள்ளத்துக்குப் பிறகு பழம் வருவதையும் வட்டமிட்டிருந்தார். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும், ளகரம் ழகரத்துக்கு முன்னும் உள்ளன. புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. பழைய பதிப்பில் வரிசைப்படுத்தும் பொறுப்பை இரு சொற்களில் எது முன் என்று சொல்லும் விண்டோஸின் ஒப்பீட்டுச் சார்பிடம் விட்டிருந்தோம். ஆகவே தமிழ் நெடுங்கணக்கு என்பது நம் நிரலுக்குள் எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை. புதிய பதிப்பு வெறும் குறியெண்களை ஒப்பிட்டு அடுக்கியது. அம்மாவின் வலப்பத்தியை அப்படியே ஒரு சோதனைக் கோப்பாகத் தட்டச்சு செய்து, அதற்கு ஒத்துவரும்வரை எங்கள் சொந்த ஒப்பீட்டுச் சார்பை எழுதி முடித்தோம்.

யாரும் கேட்காத வேலை இது. அலமாரி அட்டைகளைக் கையால் அடுக்கிப் பழகியவருக்கு மட்டுமே உடனே கண்ணில் படக்கூடிய பிழையும்கூட. நிரலாளர்கள் நாங்கள் ஆறு பேர் கூடி உட்கார்ந்திருந்தாலும் "தேடினால் கிடைக்கிறதே" என்று கடந்து போயிருப்போம் என்பதே என் எண்ணம். தாளின் ஓரத்தில் அவர் எழுதியிருந்த "அவசரமில்லை, ஆனால் வாசகர்கள் விரலை ஓட்டித் தேடுவது இந்த வரிசையில்தான்" என்ற குறிப்பைப் படித்தபோது, இத்தனை நாள் இந்த மென்பொருளை யாருக்காக எழுதினோம் என்று ஒரு கணம் யோசித்தேன்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். வைனில் தெரிந்த அட்டைப்படங்கள் லினக்ஸ் பதிப்பில் மறைந்ததற்குக் கோப்புப் பெயர்களின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடே காரணம் என்று காட்டிய கல்லூரி மாணவருக்கும் (வைன் அதைத் தானே பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் பொறுக்காது), பழைய சீரியல் வகை பார்கோடு ஸ்கேனருக்காகப் பயனர்களை, லினக்ஸில் சீரியல் கருவிகளைப் பயன்படுத்த அனுமதி தரும் 'டயல்அவுட்' குழுவில் சேர்க்கச் சொன்ன தம்பிக்கும், விண்டோஸின் லதா எழுத்துருவுக்குப் பதில் நோட்டோ சான்ஸ் தமிழை வைத்து, நெரிந்துபோன படிவங்களையெல்லாம் பொறுமையாக அகலப்படுத்திய தங்கைக்கும், தம் மேக் கணினியைப் பல இரவுகள் எங்களிடம் விட்டுச் சென்ற அச்சக உரிமையாளருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி வரும் எந்தப் பதிப்பும் அம்மாவின் சொற்பட்டியலில் தேறாமல் வெளியே போகாது என்று இதன்மூலம் உறுதி கூறுகிறோம். அந்தப் பட்டியல் மூல நிரலோடு சேர்த்தே வைக்கப்பட்டுள்ளது. யார் வேண்டுமானாலும் அதில் சொற்களைச் சேர்க்கலாம். அம்மா, தாளின் கடைசி வரியில் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றை எழுதி, எங்கே வைப்பது என்று நீங்களே கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். இப்போதைக்கு அவற்றை னகரத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். 'ஜாதகம்' தேடி வருபவர் சகரத்தின் அருகில்தான் பார்ப்பார் என்று நீங்கள் கருதினால் சொல்லியனுப்புங்கள், மாற்றிவிடுகிறோம்.