தேர்தல் நடுவே வட்டாரங்களில் கைவைக்காதீர்கள்: ஒன்ராறியோ சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. நகரசபைத் தேர்தல் நடக்கும் ஆண்டில் வட்டார எல்லைகளையோ உறுப்பினர் எண்ணிக்கையையோ மாகாண அரசும் மாற்றக்கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி சேருங்கள்.

2018 கோடைகாலம் உங்களில் சிலருக்கு மறந்திருக்கலாம். ரொறன்ரோ மாநகர சபை பல ஆண்டுகள் ஆராய்ந்து, மக்களிடமும் கேட்டு, 44 வட்டாரங்களை 47 ஆக்கியிருந்தது. மே 1 அன்று வேட்புமனு ஏற்கத் தொடங்கினார்கள். ஜூலை 27 கடைசி நாள். அன்றைக்குத்தான் மாகாண முதல்வர் டக் ஃபோர்ட், 47ஐ 25 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தார். ஆகஸ்ட் 14இல் அது சட்டமாகிவிட்டது. வாக்களிப்புக்கு மிச்சம் இருந்தது 69 நாள். வட்டார இலக்கம் போட்டு அச்சடித்த துண்டுப்பிரசுரங்கள் வீணாயின. வீடு வீடாகக் கதவு தட்டியவர்கள், தட்டிய வீடுகள் இனித் தங்கள் வட்டாரத்தில் வருமா என்று வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ரொறன்ரோவை அடுத்துள்ள பீல், யோர்க் போன்ற பிராந்தியங்களில் பிராந்திய சபைத் தலைவரை மக்களே நேரடியாகத் தெரிவுசெய்ய இருந்ததும் அதே சட்டத்தில் போய்விட்டது.

ஸ்காபரோவுக்கு முன்பு 10 உறுப்பினர்கள். இப்போது 6. சராசரியாக ஒருவருக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல். வீதியில் பனி அள்ளவில்லை என்றால் சனம் போன் போடுவது அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை.

சரி, நீதிமன்றம் என்ன சொன்னது? மேல் நீதிமன்ற நீதிபதி எட்வர்ட் பெலோபாபா செப்டம்பர் 10 அன்று அந்தக் குறைப்பு செல்லாது என்றார். உடனே உங்கள் சபை, கனடாவின் உரிமைச் சாசனம் தரும் சில உரிமைகளையே ஒதுக்கிவைக்க இடந்தரும் அதன் 33ஆம் பிரிவைக் கையில் எடுத்து, நள்ளிரவில் எல்லாம் கூடியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை இடைநிறுத்தியதால் அதற்குத் தேவை வரவில்லை. கடைசியில் 2021 அக்டோபர் 1 அன்று கனடா உச்ச நீதிமன்றம், 5க்கு 4 என்ற கணக்கில், மாகாணத்தின் பக்கம் நின்றது. 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 92(8) பிரிவு நகரசபைகளை முழுக்க மாகாணத்தின் கையில் கொடுக்கிறது. சாசனத்தின் 3ஆம் பிரிவு தரும் வாக்குரிமை நாடாளுமன்றத்துக்கும் மாகாண சபைக்கும்தான், நகரசபைக்கு இல்லை. ஜனநாயகம் என்ற எழுதப்படாத கோட்பாட்டை வைத்து ஒரு சட்டத்தைத் தள்ளுபடி செய்யவும் முடியாது. நீதிபதி ரோசலி அபெல்லா எழுதிய மாற்றுத் தீர்ப்புத்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் சட்டம் பெரும்பான்மை சொன்னதுதான்.

ஆக, அதிகாரம் இருக்கிறதா என்ற வழக்கு முடிந்துவிட்டது. அதை எப்போது பயன்படுத்தலாம் என்று எழுதிவைப்பது இனி உங்கள் வேலை. புதிதாக எதையும் யோசிக்கவும் தேவையில்லை. நகரசபையே தன் வட்டாரங்களை மாற்றும்போது, தேர்தல் ஆண்டின் ஜனவரி 1க்கு முன் துணைவிதி நிறைவேறியிருந்தால்தான் அந்தத் தேர்தலுக்கு அது செல்லும். இது ரொறன்ரோ தவிர்ந்த மற்ற ஊர்களுக்கான நகராட்சிச் சட்டத்தில் இருக்கிறது. அதை இயற்றியது உங்கள் சபைதான். ஊருக்குத்தான் உபதேசம் போலும்!

நாளைய அரசு அந்த வரியையும் நீக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். நீக்கலாம். ஆனால் அதற்குச் சபையில் எழுந்து, இந்த விதியை இன்று நான் நீக்குகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி வாக்கெடுக்க வேண்டும். 2018இல் அந்தச் சங்கடம்கூட யாருக்கும் இருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் இருக்கிறது என்றும் சொல்லிவிடாதீர்கள். புளோர், யங், யூனிவர்சிட்டி வீதிகளின் சைக்கிள் தடங்களை அகற்றும் உங்கள் சட்டத்தை 2025 ஜூலை 30 அன்று நீதிபதி போல் ஷாபாஸ் சாசனத்தின் 7ஆம் பிரிவுக்கு முரண் என்றார். அது சைக்கிள் ஓடுபவர்களின் உயிர்ப் பாதுகாப்பு தொடர்பானது. நகரசபையின் முடிவு என்பதற்காகக் கிடைத்த பாதுகாப்பு அல்ல. அதற்கும் உங்கள் அரசு மேன்முறையீடு செய்தது.

அடுத்த நகரசபைத் தேர்தல் 2026 அக்டோபர் 26. அதற்கு வேட்புமனு தொடங்கும் நாள் மே 1. இந்த வரியைத் தனிநபர் மசோதாவாக எந்தக் கட்சி உறுப்பினரும் கொண்டுவரலாம். உங்களில் தமிழர்களும் இருக்கிறீர்கள். முன்மொழிய யார் தயார், எதிர்ப்பவர் யார் என்று உங்கள் தொகுதி அலுவலகங்களிலிருந்து எழுத்தில் பதில் தாருங்கள். கதவு தட்ட வரும்போது எங்களுக்கும் பேச ஏதாவது இருக்கும்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாக்காளர் ஒருவர்