தாத்தாவோட கேசட்டுக்காக நாலு பேருக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன், இப்பதான் மார்ச் க்ளோசிங் முடிஞ்சு பனியன் கம்பெனி கணக்கெல்லாம் ஆடிட்டர் தலையில கட்டிட்டு கொஞ்சம் மூச்சு விடறேன், அதான் உக்காந்துட்டேன். நீளமா போகும், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

நன்றி சொல்ல வேண்டியது நாலு பேருக்கு. பேர் போட்டா மாமி என்னைக் கொன்னே போட்டுடுவாங்க, அதனால நாம கூப்பிட்டுக்கற மாதிரியே வெச்சுக்கறேன். கனடா ஸ்கார்பரோ அண்ணா, மயிலாப்பூர் மாமி, வியாசர்பாடி தம்பி, நாகூர் பாய். நாலு பேர்ல ஒருத்தரைக் கூட நான் நேர்ல பாத்ததில்ல. மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்போதரைக்கு போன்ல கூடுறோம், யாராவது ஒருத்தர் ஒரு பாட்டு போடுவாங்க, கேட்டு முடிச்ச உடனே சண்டை ஆரம்பிக்கும். பாட்டுல ஆரம்பிச்சு ஜாதி, சாமி, சாப்பாடு, கல்யாணச் செலவுன்னு எங்கெங்கயோ போயி பதினொன்னரைக்கு "சரி சரி தூங்கணும்"னு முடியும். அண்ணாக்கு மட்டும் அப்ப பட்டப்பகல்.

இதுல என் கதை என்னன்னா, எங்க அம்மாவோட அப்பா நாயனக்காரர், நாதஸ்வரம் வாசிக்கறவர். கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊர். இதை நான் ரெண்டு வருஷமா உங்க யார்கிட்டயும் சொல்லவே இல்ல, மறந்துட்டேன்னெல்லாம் பொய் சொல்ல மாட்டேன், சொல்லப் பிடிக்கல. ஸ்கூல்ல "தாத்தா என்ன பண்றார்"னு கேட்டப்போ "விவசாயம்"னு சொன்னவ நான். ஒரு சென்ட் நிலம் கெடயாது. கல்யாண வீட்டுல பந்திக்குப் போற வழியில ஒரு ஓரமா உக்காந்து வாசிச்சுட்டு இருப்பாங்க, யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, தாலி கட்டற நேரத்துல மட்டும் விரலை ஆட்டி "கெட்டி மேளம் கெட்டி மேளம்"னு கத்துவாங்க. அந்த விரலைப் பாத்தா எனக்கு சின்ன வயசுலேந்து வயித்தைப் பெசையும். அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, அந்தப் பக்கமே போகாம இருக்கறது.

அப்புறம் ஒரு நாள் பேச்சுவாக்குல சொல்லிட்டேன், தாத்தா போட்டோவையும் அனுப்பிட்டேன். எங்க ஹால்ல முப்பது வருஷமா தொங்குற போட்டோ. மாமி "அடடா, என்ன களை"ன்னாங்க. பாய் "இது பாரி நாயனம் மாதிரி தெரியுது"ன்னார். அண்ணாதான் கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டார், "தங்கச்சி, உங்கட தாத்தா ஏன் சால்வைய இடுப்பில கட்டியிருக்கிறார்?"

நான் எந்திரிச்சுப் போயி ஹால் லைட்டைப் போட்டுப் பாத்தேன். ஆமா, துண்டு இடுப்புல. சட்டை இல்ல. தினமும் பாக்குற போட்டோ, ஊதுபத்தி காட்டுற போட்டோ, ஒரு நாள் கூட எனக்கு அந்தக் கேள்வி வரல பாருங்க.

அன்னிக்குத்தான் அண்ணா கானாடுகாத்தான் கதையைச் சொன்னார். செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலத்துல மதுரை சிவக்கொழுந்துங்கற நாயனக்காரர் தோள்ல துண்டு போட்டுட்டு வாசிச்சதுக்கு அதை எடுக்கச் சொல்லி தகராறு பண்ணாங்களாம், சுயமரியாதைக்காரர் பட்டுக்கோட்டை அழகிரி "எடுக்காதே, வாசி"ன்னு பக்கத்துல நின்னாராம். சுயமரியாதை இயக்கத்து மேடைகள்ல சொல்லிச் சொல்லிப் பழகின கதைதான், எங்க வீட்டுல மட்டும் யாரும் சொன்னதில்ல. அதே காலத்து ஆள்தான் நாயன வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, 1898ல பொறந்தவர், ஷெர்வானி போட்டுக்கிட்டு கிராப்பு வெச்சுக்கிட்டு மேடையில உக்காந்துதான் வாசிப்பேன்னு அடம் பிடிச்சவர். நரசிங்கன்பேட்டை ஆசாரிகிட்ட சொல்லி நாயனத்தையே நீளமாக்கி சுருதியைக் கொறச்சு, பழைய திமிரிக்குப் பதிலா பாரின்னு ஒண்ணு வரவெச்சாங்கன்னு பாய் பாடமே எடுத்தார். அந்த ஊர் நாயனத்துக்கு 2022ல புவிசார் குறியீடும் கெடச்சாச்சு. பழைய வீட்டு உத்தரம் தூண் எல்லாம் பிரிக்கும்போது கெடைக்கிற ஆச்சா மரத்துலதான் செய்யறாங்கங்கறதை நான் நாகூர்ல இருக்குற ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு, எங்க தாத்தா கையிலயே அது இருந்தும்!

மறுநாள் அம்மாகிட்ட கேட்டேன். அம்மா கீரை ஆஞ்சுட்டு இருந்தாங்க, நிமிரவே இல்ல. "ஒரு பெரிய வீட்டு கல்யாணத்துக்கு சட்டை போட்டுட்டு போயிட்டாருன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் எங்க போனாலும் யாரும் சொல்றதுக்கு முன்னாடி அவரே கழட்டி மடிச்சு வெச்சுட்டு துண்டை இடுப்புல கட்டிக்குவாரு"ன்னாங்க. அவ்வளவுதான். கீரையை அலசப் போயிட்டாங்க.

அண்ணா, அந்தக் கேள்விக்கு நன்றி. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் நான் உங்ககிட்ட சரியா பேசல, கோவம் உங்க மேல இல்ல.

இப்ப தம்பிக்கு வர்றேன். இங்க நன்றியை விட மன்னிப்புதான் முன்னாடி வரணும். மொத வருஷத்துல ஒரு நாள் அவன் கானா போட்டப்போ நான் "இதெல்லாம் ஒரு மியூசிக்கா, டேபிளைத் தட்டி கத்துறது"ன்னு சொன்னேன். எல்லாரும் கேட்டீங்க, இல்லன்னு சொல்ல முடியாது. அவன் அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. தாத்தா விஷயம் வெளிய வந்த அப்புறம் ஒரு நாள் சாதாரணமா சொன்னான், "அக்கா, உங்க தாத்தா கல்யாணத்துல வாசிச்சாரு, எங்க தாத்தா சாவுல வாசிச்சாரு. ரெண்டு பேரையும் ஓரமாத்தான் உக்கார வெச்சாங்க. நீங்க என்னத்துக்கு அந்தப் பக்கம் சேந்து பேசுறீங்க?" எனக்கு மூஞ்சி எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. நம்மளை மேளக்காரன்னு எளக்காரமா பேசினா பத்திக்கிட்டு வருது, அதே வாயால அடுத்தவனை எளக்காரம் பண்றோம். தம்பி, அன்னிக்கு சாரின்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டேன், அது பத்தாது, இன்னிக்கு எல்லாரும் படிக்கற மாதிரி திரும்ப கேட்டுக்கறேன்.

பறைத்தோல் சண்டை ஞாபகம் இருக்கா? மாமி "மாட்டுத்தோல் வாத்தியத்தை எப்படி கோயிலுக்குள்ள..."ன்னு ஆரம்பிச்சாங்க, தம்பி நிதானமா "மாமி, மிருதங்கத்துல என்ன தோல்?"ன்னான். ஆடு, மாடு, எருமை மூணும் இருக்கு. மாமி நாப்பது வருஷமா சபாவுல மொத வரிசையில உக்காந்து கேக்கறவங்க, டக்குனு போனை வெச்சுட்டாங்க. மூணு ஞாயிறு வரல. சரி, போச்சு, வயசானவங்களைப் புண்படுத்திட்டோம்னு நெனச்சோம். நாலாவது ஞாயிறு வந்து, "நான் போயி கேட்டுண்டு வந்தேன், அவன் சொன்னது சரிதான். அடுத்த பாட்டைப் போடுங்கோ"ன்னாங்க. மாமி, நான் நெறய படிச்சவங்களைப் பாத்திருக்கேன். தப்புன்னு தெரிஞ்சதும் திரும்பி வந்து அதே எடத்துல உக்காந்தவங்க ரொம்பக் கொஞ்சம். (உங்க மத்த சில கருத்துல எனக்கு இன்னும் ஒப்புதல் இல்ல, அதையும் இங்கயே சொல்லிடறேன். மியூசிக் அகாடமி குடுக்கற சங்கீத கலாநிதி பட்டம் விஷயத்துல நாம இந்த ஜென்மத்துல ஒத்துப்போக மாட்டோம். நாயனக்காரங்கள்ல 1956ல திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கும் 1998ல ஷேக் சின்ன மௌலானாவுக்கும் குடுத்தாளேன்னு நீங்க சொல்லுவீங்க, அந்த 1956லயே செத்துப்போன ராஜரத்தினத்துக்கு குடுக்கலயேன்னு நான் சொல்லுவேன், மணி பதினொன்னரை ஆயிடும்.)

இனி கேசட்டு.

அம்மா பீரோவுல துணிக்கு அடியில ஒரு சோனி கேசட் இருந்துச்சு, அறுபது நிமிஷ கேசட், மேல பால்பாயிண்ட்ல "அப்பா – தேர்" அவ்வளவுதான் எழுதியிருக்கு. 83, 84 வாக்குல யாரோ சொந்தக்காரர் தேர் அன்னிக்குப் பதிஞ்சது. போட்டுக் கேக்க வீட்டுல எதுவும் இல்ல. அவசரப்பட்டு பக்கத்துல ஒரு ஸ்டூடியோவுல குடுத்தேன், அறுநூறு ரூபா வாங்கிட்டு ஒரு பென்டிரைவ் குடுத்தாங்க, அதுல உஸ்ஸுன்னு ஒரு சத்தம் மட்டும்தான், கேசட்டைத் திரும்ப வாங்கிப் பாத்தா டேப் கசங்கி குடல் வெளிய வந்த மாதிரி தொங்குது. அன்னிக்கு ராத்திரி கால்ல நான் அழுதது உங்களுக்குத் தெரியும்.

தம்பி அப்பதான் வீடியோவுல வாங்கக்கான்னான். கண்ணாடிக் கடை ஸ்க்ரூடிரைவர் எடுக்கச் சொன்னான். "அஞ்சு ஸ்க்ரூ இருக்கா, இல்ல ஒட்டினதா? ஸ்க்ரூன்னா நாம பொழச்சோம்"ன்னான். ஸ்க்ரூதான். கீழ வெள்ளை வேட்டி விரிச்சு, ஃபேனை நிறுத்தி, ஒவ்வொண்ணா கழட்டினேன். உள்ள ஒரு சின்ன செம்புத் தகடு, அதுமேல பொட்டு சைஸ்ல ஒரு கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும், அதுதான் டேப்பை ஹெட்டோட அழுத்திப் பிடிக்குமாம். எங்களுது விழுந்து மூலையில கெடந்துச்சு. வேற ஒரு பழைய கேசட்டோட கூட்டுல, எங்கப்பா வெச்சிருந்த பக்திப் பாட்டு கேசட்தான், சாமி மன்னிக்கட்டும், அதுக்குள்ள இந்த ரெண்டு சுருளையும் தூக்கி வெச்சு, கசங்கின எடத்தை வெரலால நீவி நீவி, பென்சிலை ஓட்டையில விட்டு சுத்தி... ரெண்டே கால் மணி நேரம். அவன் ஒரு தடவை கூட சலிச்சுக்கல. அப்புறம் கூரியர்ல அவனுக்கே அனுப்பினேன். அவன்கிட்ட டெக் இல்லாததால மாமி தன்னோட பழைய டெக்கை ஆட்டோவுல ஏத்தி மயிலாப்பூர்லேந்து வியாசர்பாடிக்கு அனுப்பினாங்க. அது போற வழியெல்லாம் மாமி ஆட்டோக்காரருக்கு போன் பண்ணிட்டே இருந்தாங்களாம். டெக் இன்னும் அவன் வீட்டுலதான் இருக்கு, மாமி திருப்பிக் கேக்கல, நானும் ஞாபகப்படுத்தப் போறதில்ல.

வந்த ஃபைலைக் கேட்டோமே, அந்த ராத்திரி. மொதல்ல வேட்டு சத்தம், சைக்கிள் பெல்லு, யாரோ "வடத்தை இழுத்துப் பிடிங்கடா"ன்னு கத்தறார். அப்புறம் கம்பீரநாட்டையில மல்லாரி. அதுக்கு சாகித்யம், அதாவது பாட்டு வரி, கெடயாது, சாமி பொறப்படறதுக்குன்னே வாசிக்கறது, தளிகைக்கு ஒண்ணு தேருக்கு ஒண்ணுன்னு தனித்தனியா உண்டு, இது தேர் மல்லாரின்னு மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தவில் யார்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அண்ணா மட்டும் கண்ணை மூடிட்டு "இது தட்சிணாமூர்த்தியக் கேட்டு வளந்த கை"ன்னார். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 75லயே போயிட்டார், இணுவில்ல பொறந்த அந்த மனுஷன் வாசிச்சதைக் கேட்டு தஞ்சாவூர்ப் பக்கத்து தவில்காரங்களே மாறினாங்கன்னு சொல்லி, சின்ன வயசுல கோயில் வீதியில விடிய விடிய உக்காந்து கேட்ட தவில் சமா எல்லாத்தையும் பேச ஆரம்பிச்சுட்டார். அன்னிக்கு யாரும் சண்டை போடல.

மல்லாரி முடிஞ்சு ஒரு இடைவெளி வரும். அதுல தாத்தா குரல், நாயனத்து வாயில வெச்சு ஊதற சீவாளியைக் கேக்கறார். "டேய், சீவாளிய எடு." அவ்வளவுதான்.

நான் அம்மாவைக் கூப்பிட்டுக் கேக்க வெச்சேன். யாரும்மா அந்தப் பையன்னு கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் கழிச்சு, "பையன் எங்க இருந்தான் எங்க வீட்டுல, நாங்க மூணும் பொண்ணு. என்னைத்தான் டேய்னு கூப்பிடுவாரு. சீவாளி டப்பா என் கையில இருக்கும்"ன்னாங்க. ஒரு பொண்ணு, பதினாறு வயசு, தேர் கூடவே டப்பாவைப் பிடிச்சுட்டு நடந்திருக்கு. எனக்குத் தெரிஞ்ச அம்மா கல்யாண வீட்டுல நாயனச் சத்தம் கேட்டா உள் ரூமுக்குப் போயி உக்காந்துக்கற அம்மா. நான் ஒளிச்சதை அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன், நான் ஸ்கூல்ல விவசாயம்னு சொன்னது அவங்களுக்குத் தெரியும்னும் அன்னிக்குத்தான் சொன்னாங்க, மிஸ் கூப்பிட்டு சொன்னாங்களாம்.

பாய், உங்களைக் கடைசியில கொண்டு வந்துட்டேன், கோச்சுக்காதீங்க. நீங்க போட்டுக் குடுத்த சின்ன மௌலானா பதிவுதான் நான் மொத மொதல்ல எந்திரிச்சுப் போகாம முழுசா கேட்ட நாயனம். ஸ்ரீரங்கத்துல குடியிருந்து ரங்கநாதருக்கு வாசிச்ச மனுஷன். "கேட்டுட்டு ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா கேளுங்க தங்கச்சி"ன்னீங்க. அந்த சும்மாவுக்கு நன்றி.

ஒரு விஷயம் பாக்கி. கேசட்டோட ரெண்டாவது பக்கத்தையும் தம்பி அனுப்பிட்டான், முப்பது நிமிஷம், ஒரே ராகம். கசங்கின எடம் சரியா நிஷாதத்துல, அதான் "நி" ஸ்வரத்துல, வந்து விழுது. மாமி ஷண்முகப்ரியாங்கறாங்க, பாய் சிம்மேந்திரமத்யமம்ங்கறார், ரெண்டுக்கும் அந்த நிஷாதம் ஒண்ணுதான் வித்தியாசம், அது காதுல விழுந்தாத்தானே! வர்ற ஞாயிறு ஒம்போதரைக்கு வெச்சுக்கலாம். அம்மாவும் வந்து உக்காரேன்னு சொல்லியிருக்காங்க, மொத தடவை. மாமி, கொஞ்சம் மெதுவா பேசுங்க.