இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்வெட்டு பற்றிய உங்கள் கட்டுரையில், ‘கண்பாவை விரிவதால் இருட்டு பழகிவிடும்’ என்று இருந்தது. அது கால்வாசிகூடச் சரியில்லை. பாவை 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரிந்தாலும், உள்ளே போகும் ஒளி 16 மடங்குதான் கூடும். உச்சிவெயிலுக்கும் அமாவாசை இருட்டுக்கும் உள்ள வித்தியாசமோ பல கோடி மடங்கு. அதைச் சமாளிப்பது கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் விழித்திரை.

விழித்திரையில் பகலில் வேலை செய்பவை கூம்பு செல்கள். ஒரு கண்ணில் சுமார் 60 லட்சம். நிறம், பொடி எழுத்து எல்லாம் இவற்றால்தான் தெரிகின்றன. இரவுக்கு உரியவை கோல் செல்கள். சுமார் 12 கோடி. இவற்றிலுள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும், இருட்டில் மெல்லத்தான் மீண்டும் ஊறும். கூம்புகள் 10 நிமிடத்துக்குள் தேறிவிடும். கோல்களுக்கு அரை மணி நேரமாவது வேண்டும். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகும். வைட்டமின் ஏ குறைந்தால் ரோடாப்சின் போதிய அளவு உண்டாகாது. மாலைக்கண் வர அது ஒரு முக்கியக் காரணம்.

தேவனாம்பட்டினத்தில் விடியுமுன் ஃபைபர் படகு தள்ளுகிறவர்களுக்கு இது அன்றாடம் உதவும். எல்.இ.டி. வெளிச்சத்தில் வலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உடனே கடலைப் பார்த்தால், எதிரே கிடக்கும் மிதவைகூடத் தெரியாது. வலை வேலையை முன்பே முடித்துவிட்டு அந்த விளக்கை அணைத்துவிடுவது நல்லது. (மற்ற படகுகளுக்கு அடையாளமாக எரிய வேண்டிய விளக்கை அணைக்கச் சொல்லவில்லை!) கை வேலைக்கு மங்கலான சிவப்பு விளக்கு போதும், கோல் செல்களை அது அதிகம் பாதிக்காது. மங்கலாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். செல்போனைப் பார்த்தே தீரவேண்டுமென்றால் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்க்கலாம். மூடிய கண்ணில் ஊறிய நிறமி அப்படியே இருக்கும்.

இன்னொன்று: விழித்திரையின் நட்டநடுவில் கோல் செல்களே கிடையாது. அதனால் இருட்டில் எதையாவது உற்று உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோகும். நீட்டிய கையின் ஒரு முஷ்டி அகலம் பார்வையைத் தள்ளி வைத்தால் மீண்டும் தெரியும்.

வலை மிதவைக்குச் சிவப்புக் கொடி கட்டினால் பகலில் எடுப்பாக இருக்கும். இருட்டில் அது வெறும் கறுப்பு. விடியுமுன் தேட வேண்டிய மிதவைக்கு வெள்ளைக் கொடி கட்டுங்கள்.

இப்படிக்கு,
கண் பரிசோதகர்,
கடலூர் முதுநகர்