ஒரே ஆளுக்கு எதிராக இரண்டு ஓட்டு

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அரிசோனாவில் உங்கள் மேசா நகரசபைக்கு உங்கள் பக்கம் நிற்பவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "தண்ணீர் விஷயத்துல அவர் பேசறது நியாயமாத்தான் இருக்கும்மா. ஆனா அவர் மார்மன். எப்படிப் போடுவேன்?" என்றாய். நான் பதில் சொல்லாமல் மாப்பிள்ளையின் முதுகுவலியைக் கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மிட் ராம்னியும் அதே மார்மன் சபைக்காரர்தான், சால்ட் லேக் சிட்டியில் தலைமை இருக்கிற கிறிஸ்தவச் சபை. அவருக்கு எதிராக நான் இரண்டு தடவை ஓட்டுப் போட்டிருக்கிறேன். 2002ல் அவர் ஆளுநர் பதவிக்கு நின்றபோது ஒரு தடவை, 2012ல் ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது ஒரு தடவை. இரண்டாவதற்கு யார் கேட்டாலும் காரணம் சொல்வேன். முதலாவதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கூசுகிறது.

2001ல் பாஸ்டன் ஃபேன்யுல் ஹாலில் நான் குடியுரிமை உறுதிமொழி எடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு ஏழு வயது. கையில் சின்னக் கொடியை வைத்துக்கொண்டு அப்பா மடியில் தூங்கிப் போனாய். அடுத்த வருஷம் என் முதல் ஓட்டு. ராம்னி எங்கள் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் பதவிக்கு நின்றார். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர், "அந்த ஆள் ஜெயித்தால் சால்ட் லேக் சிட்டியிலிருந்து உத்தரவு வரும், அவர்களுடையது ஒரு மாதிரியான சபை" என்றார். அது போதுமானதாக இருந்தது எனக்கு. ராம்னி என்ன செய்வதாகச் சொன்னார் என்று ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. எதிர்த்து நின்ற ஷானன் ஓ'பிரையனைப் பற்றியும் பெரிதாகத் தெரியாது. ஊரிலிருந்து வந்து பத்து வருஷம் காத்திருந்து வாங்கின ஓட்டை அப்படிப் போட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. அந்தச் சபைக்காரர்களை எனக்குத் தெரியும். நாம் குடியிருந்த தெருவில் மூன்றாம் வீட்டு அம்மாவை நினைவிருக்கிறதா? டீ, காபி இரண்டும் தொடமாட்டார். ஒரு பனிக்காலத்தில் இருமிக்கொண்டே வந்தவருக்குச் சுக்கு மல்லிக் காபி கொடுத்தேன். காபி என்ற பெயரைக் கேட்டதும் டம்ளரைத் தொடாமல் தயங்கினார். சுக்கு, மல்லி, மிளகு, பனைவெல்லம் என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டி, காபித்தூளே இதில் கிடையாது என்று சொன்ன பிறகுதான் குடித்தார். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து அதே டம்ளரைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்.

அவர்தான் 2000ல் பெல்மான்ட்டில் உள்ள அவர்கள் சபைக் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனார். பிரதிஷ்டைக்கு முன்னால் சில வாரம் எல்லோரையும் உள்ளே விடுவார்கள். பிரதிஷ்டை ஆனபின் அவர்கள் சபையில் அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் மட்டும்தான் போகலாம். செருப்புக்கு மேலே வெள்ளை உறை மாட்டிக்கொண்டு போனோம். 12 எருதுச் சிலைகள் முதுகில் தாங்குகிற ஞானஸ்நானத் தொட்டி ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் நந்தி ஞாபகம் வந்து கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அந்த அம்மா அதைப் பார்த்துச் சிரித்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோபுரம் அப்போது இல்லை. கோபுரம் உயரம் என்று அக்கம்பக்கத்தார் சிலர் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். 2001ல் மாநில உச்ச நீதிமன்றம் சபை பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கோபுரமும், உச்சியில் எக்காளம் ஊதுகிற தங்கத் தேவதூதனும் ஏறினார்கள். இரண்டாம் நம்பர் சாலையில் போகும்போது பின்சீட்டிலிருந்து நீ, "அம்மா, அது கலசமா?" என்று கேட்டாய். ஆமாம், கலசம் மாதிரிதான் என்றேன். ஆஷ்லாந்தில் நம் லட்சுமி கோயில் இருக்கிறதே, அதன் கோபுரம் உயரம் என்று யாராவது கோர்ட்டுக்குப் போயிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? இவ்வளவும் தெரிந்தவள்தான் அடுத்த வருஷம் பக்கத்து மேஜைக்காரர் பேச்சைக் கேட்டேன்.

ராம்னி ஜெயித்தார். 2006 ஏப்ரல் 12ஆம் தேதி, நான் உறுதிமொழி எடுத்த அதே ஃபேன்யுல் ஹாலில் உட்கார்ந்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் டெட் கென்னடி. 1994 செனட் தேர்தலில் இரண்டு பேரும் மோதியவர்கள். அப்போது ராம்னியின் மதத்தை இழுத்தது கென்னடி பக்கம்தான். கத்தோலிக்கர் என்பதற்காகவே 1960ல் ஹூஸ்டன் புராட்டஸ்டன்ட் பாதிரியார்கள் முன்னால் போய் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்த ஜான் கென்னடியின் தம்பி அவர் என்பதை யோசித்துப் பார்.

அந்தச் சட்டம் நம் வீட்டுக்குள்ளேயே வந்தது. 2008ல் அப்பாவுக்கு வேலை போய், சொந்தமாகக் கணக்கு எழுத ஆரம்பித்தாரே, அப்போது அந்தச் சட்டப்படி மாநிலம் நடத்திய கனெக்டர் என்ற காப்பீட்டுச் சந்தை மூலமாக வாங்கின காப்பீட்டில்தான் அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தோம். ஆஸ்பத்திரி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதது பணத்துக்காக என்று நீ நினைத்திருப்பாய். பாதி அதற்காக. இந்த மனுஷனுக்கு ஓட்டுப் போடாமல் இருந்தேனே, அதுவும் எந்தக் காரணத்துக்காக என்பதுதான் மீதிப் பாதி.

அதற்கப்புறம் நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். 1838ல் மிசௌரி ஆளுநர், மார்மன்களை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். அதை முறைப்படி ரத்து செய்தது 1976ல்தான். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1844ல் தானே ஜனாதிபதி பதவிக்கு நின்றார். அதே வருஷம் இல்லினாய் மாநிலத்துச் சிறையில் கும்பல் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ரீட் ஸ்மூட் கதை. யூட்டாவிலிருந்து 1903ல் செனட்டுக்கு வந்தவர், சபையின் மூத்த தலைவர்களில் ஒருவர். சபை 1890லேயே பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்திருந்தது. அவருக்கும் ஒரே மனைவிதான். ஆனாலும் அவரை உட்காரவிடலாமா என்று 1907 வரை விசாரணை நடத்தினார்கள். சபையின் தலைவரையே வரவழைத்துக் குடும்ப விஷயங்களைத் துருவித் துருவிக் கேட்டார்கள். கடைசியில் பதவி தப்பியது, 30 வருஷம் இருந்தார். சரி, அவரால் நாட்டுக்கு வந்த கெடுதல் என்ன? 1930ல் அவர் பெயரிலேயே வந்த ஸ்மூட்-ஹாலி சுங்கவரிச் சட்டம். உலக வியாபாரத்தையே முடக்கிப் பெருமந்தத்தை இன்னும் மோசமாக்கியது என்று பொருளாதாரம் படித்தவர்கள் அதைச் சொல்வார்கள். அத்தனை வருஷ விசாரணையும் அவருடைய மதத்தைச் சுற்றித்தான் நடந்தது. அவர் வரி பற்றி என்ன நினைக்கிறார் என்பதா அங்கே கேள்வி?

2023 டிசம்பரில் அயோவாவில், ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட விவேக் ராமசாமியை டிவியில் கேள்வி கேட்டார்களே, நாம் இரண்டு பேரும் அவரவர் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தோம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய அரசியலில் எனக்கு ஒன்றும் உடன்பாடு கிடையாது, அவருக்கு நான் போடவே மாட்டேன். ஆனால், இந்த நாட்டை உருவாக்கியவர்களின் மதம் உங்கள் மதம் இல்லை என்பதால் நீங்கள் ஜனாதிபதி ஆக முடியாது என்கிறார்களே என்று ஒருவர் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நீ கோபத்தில் கத்தினாய். நான் ஒன்றும் பேசவில்லை. நான் 2002ல் மனசுக்குள் கேட்டதும் இதே கேள்விதான், அதனால்தான்.

இனி உன் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது. 2008ல் கலிபோர்னியாவில் ஒரே பாலினத் திருமணத்தைத் தடுக்கும் எட்டாம் தீர்மானத்துக்குப் பணமும் உழைப்பும் கொடுங்கள் என்று அந்தச் சபை தன் மக்களைக் கேட்டுக்கொண்டது. உன் தோழி அன்றைக்கு எப்படி உடைந்துபோனாள் என்று எனக்குத் தெரியும். அதே சபைதான் 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் கொடுக்காமல் இருந்தது. இதையெல்லாம் வேட்பாளரிடம் கேட்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கேட்க வேண்டும். ஆனால் அவர் என்ன செய்தார், என்ன செய்யப் போகிறார் என்று கேட்க வேண்டும். ஜோசப் ஸ்மித்திடம் தேவதூதன் வந்தது நிஜமா, அவருக்குக் கிடைத்ததாகச் சொல்லும் தங்கத் தகடுகள் நிஜமா என்பது அவருக்கும் அவர் சாமிக்கும் நடுவே உள்ளது.

ராம்னியின் அப்பா ஜார்ஜ் ராம்னி மிச்சிகன் ஆளுநராக இருந்தபோது கறுப்பர்களின் சம உரிமைக்காக ஊர்வலத்தில் நடந்தார். சபையின் மூத்த தலைவர் ஒருவர் 1964ல், இதில் இவ்வளவு தீவிரம் வேண்டாம் என்று அவருக்குக் கடிதமே எழுதினார். அவர் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. பக்கத்து மேஜைக்காரர் சொன்ன அந்த 'உத்தரவு' வந்தபோது நடந்தது இது.

உங்கள் மேசாக்காரர் ரஸ்டி பவர்ஸை எடுத்துக்கொள். அரிசோனா சட்டசபை சபாநாயகராக இருந்தவர். 2020 தேர்தல் முடிவை மாற்றச் சொல்லி டிரம்பே போன் பண்ணியும் முடியாது என்றவர். உள்ளே மகள் சாகக் கிடக்க, வீட்டு வாசலில் ஒலிபெருக்கி வைத்துக் கத்தினார்கள். 2022ல் ஜனவரி 6 கலவரத்தை விசாரித்த குழு முன்னால், அரசியல் சாசனம் கடவுள் அருளால் வந்தது என்பது என் விசுவாசம் என்று சொன்னார். சில வாரத்திலேயே மாநில செனட்டுக்கான கட்சித் தேர்தலில் தோற்றார். அதே சபையில்தான் ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவராக இருந்த ஹாரி ரீடும் இருந்தார், குடியரசுக் கட்சியின் மைக் லீயும் இருக்கிறார். எந்த 'மார்மனை' நினைத்துக்கொண்டு நீ ஓட்டுப் போடாமல் இருக்கப் போகிறாய்?

2012ல் உனக்கு முதல் ஓட்டு. பள்ளிக்கூட ஜிம்மில் இரண்டு பேரும் வரிசையில் நின்றோம். ராம்னி வேண்டாம் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம், 47 சதவீத மக்களைப் பற்றி அவர் பணக்காரர்கள் கூட்டத்தில் பேசிய பேச்சு. அப்புறம், நம் மாநிலத்தில் தான் கொண்டுவந்த சட்டத்தை மாதிரியாக வைத்து ஒபாமா கொண்டுவந்ததை ரத்து செய்வேன் என்றது. அப்பாவின் ஸ்டென்டை நினைத்துக்கொண்டே அந்த ஓட்டைப் போட்டேன். அதே மனுஷர் 2020ல் டிரம்ப் மேல் செனட்டில் நடந்த பதவிநீக்க விசாரணையில், கடவுள் முன்னால் எடுத்த சத்தியம் என்று சொல்லித் தன் கட்சி ஜனாதிபதியையே குற்றவாளி என்று ஓட்டுப் போட்டபோது எழுந்து நின்று கை தட்டினேன். 2022ல் ஒரே பாலினத் திருமணத்துக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் வந்தபோது, சபையும் தன் போதனையை மாற்றிக்கொள்ளாமலே அதை ஆதரித்தது, ராம்னியும் ஆதரித்து ஓட்டுப் போட்டார். உன் தோழிக்கு இதைச் சொல்.

பதவிக்கு மதப் பரீட்சை வைக்கக்கூடாது என்று அரசியல் சாசனத்தின் ஆறாம் பிரிவு சொல்கிறது. அது அரசாங்கத்தைத்தான் கட்டும். சீட்டில் புள்ளி வைக்கிற நம்மைக் கட்டாது. நாம் எதை நினைத்துப் போட்டோம் என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. 2002ல் நான் போட்டது என் ஒருத்திக்குத்தான் தெரியும், இப்போது உனக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் உங்கள் நூலகத்தில் அவர் பேசப் போகிறார் என்று சொன்னாயே, போய்வா. கொலராடோ ஆற்றுப் பங்கில் 2022லேயே அரிசோனாவுக்குக் கிட்டத்தட்ட 5ல் ஒரு பங்கு வெட்டிவிட்டார்கள், அடுத்த வெட்டு வந்தால் முதலில் யார் குழாயை அடைப்பீர்கள் என்று கேள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேள். உன் தோழிக்கு வீடு தரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் நகரசபை யார் பக்கம் நிற்கும் என்று, அதையும் முகத்தைப் பார்த்துக் கேள். பதில் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக எதிர்த்துப் போடு, அம்மா ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

தபால் சீட்டு மேஜை மேலேயே கிடக்கிறது என்றாய். வியாழக்கிழமை முடிகிற வரை உறையில் கையெழுத்துப் போடாதே. திரும்பி வந்ததும் கூப்பிடு, உங்கள் எட்டு மணி எங்களுக்குப் பதினொன்று ஆனாலும் முழித்திருப்பேன். அவர் தண்ணீரைப் பற்றி என்ன சொன்னார் என்று அப்பாவுக்கும் கேட்க வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா