நான்கு வெற்றுப் பக்கங்கள் தாருங்கள்

தமிழ்நாட்டின் தொடக்க வகுப்புகளுக்குப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். வேதாரண்யம் வட்டத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் இடைநிலை ஆசிரியை. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புகள் என் பொறுப்பு. காலநிலை மாற்றத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும் என்ற பேச்சு வலுத்துவருகிறது. பாடம் அச்சுக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது. பள்ளி மறுபடி திறந்த அன்று பிள்ளைகளைப் படம் வரையச் சொன்னேன். வகுப்பு முழுக்க ஒரே படம்: வேரோடு சாய்ந்து கிடக்கும் தென்னை. அதற்குப் பிறகு பல மாதங்கள், ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டாலே எழுந்து வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஒரு சிறுமி. 'புவி சூடாகிறது, இனிப் புயல்கள் வலுக்கும்' என்று அவளிடம் பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை. வாடை வடக்கிலிருந்து வீசும், கொண்டல் கிழக்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து என்று சொல்லிக்கொடுத்தேன். புயல் எச்சரிக்கை யார் தருவார்கள், வந்தால் எங்கே போய்த் தங்க வேண்டும் என்று சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் தன் இடத்திலேயே உட்காரத் தொடங்கினாள். பயமுறுத்தித் தொடங்கும் பாடம் சின்ன வயதுக்கு ஆகாது என்று எனக்குக் கற்பித்தவள் அவள்தான்.

பாடமே இல்லை என்று நான் குறை சொல்லவில்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சுற்றுச்சூழலைக் கல்வியில் சேர்க்கச் சொன்னது. 2003இல் மீண்டும் வலியுறுத்தியது. பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்களை நடத்தும் தேசிய பசுமைப் படை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் வகுப்பறையில் அது பெரும்பாலும் 'மரம் நடுவோம், மழை பெறுவோம்' என்று சுவரில் எழுதிவைக்கும் வாசகமாகவே நிற்கிறது. அந்த வாசகத்தை எங்கள் பிள்ளைகளிடம் சொல்லிப்பாருங்கள். "மழை வேண்டாம் டீச்சர்" என்று ஒரு பையன் எழுந்து நிற்பான். அவன் வீட்டில் எல்லோருக்கும் உப்பளத்தில் வேலை. கோடையில் ஒரு மழை கொட்டினால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும், கூலியும் போகும். பக்கத்தில் இருப்பவள் சம்பா நட்டவர் வீட்டுப் பிள்ளை. அவளுக்கு ஐப்பசியில் மழை வராவிட்டால் வீட்டில் அடுப்பைப் பார்த்துக் கவலை. இருவரும் ஒருநாள் உண்மையாகவே சண்டை போட்டுக்கொண்டார்கள். பெய்ய வேண்டிய மாதத்தில் பெய்யும் மழைக்கும் பெய்யக் கூடாத மாதத்தில் பெய்யும் மழைக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சண்டையை வைத்தே ஒரு வாரம் பேசினோம். எந்தப் பாடநூலும் எனக்குத் தந்திராத பாடம் அது.

எங்கள் பள்ளியில் மழைமானி இருக்கிறது. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பழைய பிளாஸ்டிக் புட்டி. மேல்பாகத்தை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்தால் அதுவே புனல். உள்ளே கூழாங்கல், வெளியே அடிக்கோல். வானிலைத் துறை ஒருநாள் மழையைக் காலை எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரை கணக்கிடுகிறது. அரசின் காலை உணவுத் திட்டத்தில் சாப்பிட வரும் பிள்ளைகள் எட்டரைக்கெல்லாம் பள்ளியில் இருப்பதால் எங்களுக்கும் அதே நேரம் தோதாகிவிட்டது. (அந்தத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிவானது எங்கள் மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்துதான்.) முறை வைத்து ஒருவர் அளப்பார், இன்னொருவர் ஏட்டில் எழுதுவார்.

இந்த ஒரு புட்டியிலிருந்து எத்தனை பாடம் வருகிறது தெரியுமா? ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். வகுப்பறைக் கூரை 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். 20 மில்லிமீட்டர் பெய்தால் கூரையில் மட்டும் 1,200 லிட்டர் விழும். குடத்துக்கு 12 லிட்டர் என்றால் 100 குடம். தங்கள் அம்மா ஒரு குடத்துக்கு எவ்வளவு நேரம் குழாயடியில் நிற்கிறார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். கணக்கு முடிந்ததும் "அந்த நூறு குடமும் எங்கே போச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். பெருக்கலும் நீர் மேலாண்மையும் அவளுக்கு ஒரே பாடமாகிவிட்டன. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்ற செய்தியைப் படித்தபோது, எங்கள் ஏட்டில் இருந்த மிகப் பெரிய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து வாயடைத்துப்போனார்கள். அந்த எண்ணின் கனம் அளந்து பார்த்த பிள்ளைக்குத்தான் புரியும்.

வானிலை வேறு, காலநிலை வேறு என்பதை விளக்குவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. காலநிலை என்பது பல ஆண்டு வானிலையின் சராசரி. அப்படிச் 'சராசரி' என்று சொல்வதற்கு 30 ஆண்டுகளின் கணக்கு வேண்டும். எங்கள் ஏட்டுக்கு அவ்வளவு வயதில்லை. ஆனால் வீட்டில் பாட்டிகள் இருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் எந்த ஆண்டில் கரிக்கத் தொடங்கியது, கடல் முன்பு எதுவரை இருந்தது என்று கேட்டு எழுதிவரச் சொன்னேன். பாட்டிகளின் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அதுவும் நல்லதுக்குத்தான். நினைவு ஏமாற்றும், எழுதிவைத்தது ஏமாற்றாது என்று பிள்ளைகளே சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் ஏட்டில் ஒருநாளைக்கூட விடுவதில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பருவத்து நூலிலும் நான்கு பக்கங்களை வெறுமையாக விடுங்கள். மேலே 'எங்கள் ஊர்' என்று மட்டும் அச்சிடுங்கள். கொடைக்கானலுக்கும் கோடியக்கரைக்கும் ஒரே காலநிலைப் பாடத்தைச் சென்னையில் உட்கார்ந்து எழுத எவராலும் முடியாது, உங்களாலும்தான். பள்ளி ஆண்டை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறை இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. முதல் பருவத்தில் ஆடிக் காற்று. இரண்டாம் பருவம் அக்டோபரில் தொடங்கும்போது வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்த மூன்று மாதங்களில்தான். மூன்றாம் பருவத்தில் எங்களுக்கு உப்பும் வெயிலும் பங்குனி ஆமையும். கோடியக்கரையில் வனத்துறையினர் ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்துக் கடலில் விடுகிறார்கள். மணல் சூடு கூடினால் குஞ்சுகளில் பெண்கள் அதிகமாகிவிடும் என்று சொன்ன அன்று ஐந்தாம் வகுப்பில் கேள்விகள் ஓயவில்லை. காலநிலைப் பாடம் என்றாலே வந்துவிடும் துருவக் கரடியை நான் வெறுக்கவில்லை. எங்கள் கரையில் ஆமை இருக்கும்போது கரடியிடமிருந்து ஏன் தொடங்க வேண்டும்?

இன்னொன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். 'காரைக் குறைப்போம், ஏசியை அணைப்போம்' என்று எங்கள் பிள்ளைகளிடம் பேசும் பாடம் வேண்டாம். என் வகுப்பில் கார் உள்ள வீடு ஒன்றுமில்லை. பழைய சேலை தலையணை உறையாகி, பிறகு கரித்துணியாகும் வீடுகள் அவை. அவர்கள் செய்யாத பிழைக்கு அவர்கள் தலையைக் குனியவைக்காதீர்கள். அவர்கள் வீட்டுச் சிக்கனத்துக்குப் பாடநூலில் மதிப்பான ஓர் இடம் கொடுங்கள்.

அந்த நான்கு பக்கங்களுக்குத் தேர்வு வைக்க வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். படம் எடுத்துச் செயலியில் ஏற்றச் சொல்லவும் வேண்டாம். ஏற்றும் வேலை வந்துவிட்டால் அளக்கும் வேலை நின்றுவிடும். நாங்கள் இருவர்தான் இருக்கிறோம். தனியாக ஒரு புதுப் பாடமும் வேண்டாம், வாரத்தில் ஒரு பாடவேளை போதும்.

ஜூன் 5 அன்று வரும் உலகச் சுற்றுச்சூழல் தினத்தை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். 2023இல் வெயில் தணியாததால் தொடக்க வகுப்புகள் ஜூன் 14இல் திறந்தன. 2024இல் ஜூன் 10. இரண்டு ஆண்டுகளும் ஜூன் 5 அன்று பள்ளி பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "ஏன் டீச்சர் இத்தனை நாள் லீவு விட்டார்கள்?" அன்றைக்குப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.

உங்களில் யாரேனும் ஐப்பசியில் ஒருநாள் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு வாருங்கள். எட்டரைக்கு முன்பே வந்துவிடுங்கள். அன்று முறை யாருடையதோ அந்தப் பிள்ளை, புட்டியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளவு பார்ப்பது எப்படி என்று உங்களுக்குக் காட்டும்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை,
வேதாரண்யம் வட்டம்