விளம்பரமில்லாச் சந்தாவில் பந்தய விளம்பரம்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தாதாரர்,
ஈரோடு.
(பெயரும் சந்தா எண்ணும் தனி இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
விளையாட்டுச் செய்திச் செயலி நிறுவனம்,
சென்னை.

பொருள்: "ஆன்லைன் பந்தயத்தில் ஜெயிக்க நடைமுறை ஆலோசனைகள்" என்று வெளியான கட்டுரையை நீக்கக் கோருதல், திருத்தம் வெளியிடக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். டிஎன்பிஎல் ஆட்டங்களுக்கும், மாவட்டக் கபடி, வாலிபால் போட்டிகளுக்கும் நீங்கள் கொடுக்கும் இடத்தை வேறு யாரும் கொடுப்பதில்லை என்பதால் உங்கள் செயலிக்குச் சந்தா கட்டிப் படித்து வருகிறேன். விளம்பரம் இருக்காது என்பதுதான் சந்தா வாங்கும்போது நீங்கள் முதலில் சொன்ன உறுதி. ஆனால் ஐபிஎல் நடக்கும்போது, ஸ்கோருக்குக் கீழே, மற்றச் செய்திகளோடு செய்தியாக மேற்படி கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. விளம்பரம் என்ற குறிப்பும் இல்லை. ஒவ்வொரு பத்தியும் முடிந்தவுடன் ஒரு பச்சைப் பொத்தான். எதைத் தொட்டாலும் ஒரே பந்தயத் தளத்துக்குப் போகிறது. காசு கொடுத்த சந்தாதாரருக்கு இப்படி வேஷம் மாற்றி விளம்பரம் காட்டியது என் முதல் புகார்.

இரண்டாவது புகார்தான் பெரியது. அந்தக் கட்டுரையில் சொன்ன ஆலோசனை ஒவ்வொன்றும் தவறு. நான் வருமான வரிக் கணக்கு எழுதித் தரும் தொழிலில் இருப்பவன். இந்த ஆலோசனைகளைக் கேட்டவர்களின் பாஸ்புக் என் மேசைக்கு வருகிறது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

"நூறு ரூபாயில் தொடங்குங்கள், தோற்றால் அடுத்த பந்தயத்தில் இரட்டிப்பாக்குங்கள், ஒருமுறை ஜெயித்தால் போட்டது எல்லாம் திரும்பிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுரையிலேயே படத்தில் காட்டிய ஆட்ஸ் 1.90. அதாவது நூறு கட்டி ஜெயித்தால் கையில் வருவது 190, லாபம் 90. இப்போது கணக்குப் போடுங்கள். 100, 200, 400, 800 என்று நான்கு முறை தோற்றால் போனது 1,500. ஐந்தாவதாக 1,600 கட்டி ஜெயிக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். லாபம் 1,440. ஜெயித்த பிறகும் 60 ரூபாய் நஷ்டம்! ஏழு முறை தொடர்ந்து தோற்றவர் 12,700 இழந்திருப்பார். எட்டாவதற்கு 12,800 கட்டி ஜெயித்தாலும் 1,180 ரூபாய் கைநஷ்டம். இதை எழுதியவர் ஒரு தாளில் நான்கு வரி கூட்டிப் பார்த்திருந்தால் இந்த ஆலோசனை வெளியே வந்திருக்காது. தினக்கூலி வாங்குபவர் எட்டாவது பந்தயத்துக்கு 12,800 ரூபாயை எங்கிருந்து எடுப்பார் என்ற கேள்வியும் அவருக்குத் தோன்றியிருக்கும். கடன் ஆப் என்பதுதான் பதில். நான் பார்த்த வரை வேறு பதில் இல்லை.

அந்த 1.90 என்ற எண்ணிலேயே எல்லா விஷயமும் இருக்கிறது. டாஸ் யார் ஜெயிப்பார் என்ற பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலையா பூவா, சரிபாதி வாய்ப்பு. நியாயமாக இரண்டு பக்கமும் 2.00 இருக்க வேண்டும். தளம் இரண்டு பக்கமும் 1.90 தருகிறது. இரு அணிகள் மீதும் நூறு நூறு கட்டினால் 200 போய் 190 திரும்பும். பத்து ரூபாய் தளத்துக்கு. யார் ஜெயித்தாலும் நூற்றுக்கு ஐந்து ரூபாய் அவர்கள் பெட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும். கிரிக்கெட் அறிவு, பிட்ச் ரிப்போர்ட், பழைய புள்ளிவிவரம் என்று நீங்கள் அடுக்கிய எல்லாம் இந்த ஐந்து ரூபாயைத் தாண்டிய பிறகுதான் பேச்சுக்கே வரும். ஆட்ஸ் வைப்பவர்களிடம் உங்கள் வாசகரைவிடப் பல மடங்கு தகவல் இருக்கிறது. பந்துக்குப் பந்து ஆட்ஸை மாற்றும் மென்பொருளும் இருக்கிறது.

"ஐந்து ஆட்டங்களை ஒரே பந்தயமாகச் சேர்த்துக் கட்டினால் சிறு தொகைக்குப் பெரிய லாபம்" என்று காம்போவைப் பரிந்துரைத்திருக்கிறீர்கள். சரிபாதி வாய்ப்புள்ள ஐந்து முடிவுகளும் சரியாக அமைய 32இல் ஒரு வாய்ப்பு. நியாயமான தொகை நூறுக்கு 3,200. 1.90ஐ ஐந்து முறை பெருக்கினால் தளம் தருவது சுமார் 2,476. தனிப் பந்தயத்தில் நூற்றுக்கு ஐந்து எடுத்தவர்கள் காம்போவில் நூற்றுக்கு இருபத்திரண்டுக்கு மேல் எடுக்கிறார்கள். அவர்கள் அதிகம் சம்பாதிக்கும் பந்தயத்தைத்தான் வாசகருக்கு முதல் ஆலோசனையாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

போனஸ் பற்றிய பத்தியும் இப்படித்தான். 5,000 கட்டினால் இன்னொரு 5,000 இலவசம் என்கிறது. அந்தத் தளத்தின் நிபந்தனைப் பக்கத்தை நான் திறந்து படித்தேன். கட்டியதும் போனஸும் சேர்ந்த 10,000ஐப் பத்து மடங்கு, அதாவது ஒரு லட்சம் ரூபாய்க்குப் பந்தயம் ஓட்டிய பிறகுதான் எடுக்க முடியும். நூற்றுக்கு ஐந்து வீதம் ஒரு லட்சத்துக்குப் போவது 5,000. இலவசம் என்று கொடுத்த தொகை அப்படியே அவர்களிடம் திரும்பிவிடும். அதுவரை வாசகர் சொந்தமாகக் கட்டிய 5,000மும் பூட்டிக் கிடக்கும். இந்த ஒரு வரியை நீங்கள் ஏன் எழுதவில்லை?

அடுத்தது நான் மிகவும் வருந்திய விஷயம். "பணம் போடுவதும் எடுப்பதும் யுபிஐயில் சில நொடிகளில் முடியும், முழுப் பாதுகாப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் ஒரு இளைஞர், ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர், உங்கள் கட்டுரையில் இருந்த பொத்தானைத் தொட்டுத்தான் அந்தத் தளத்துக்குப் போனார். பணம் கட்டும்போதெல்லாம் தளத்தின் பெயர் வரவே இல்லை. ஒருநாள் ஏதோ மளிகைக்கடையின் கியூஆர், மறுநாள் யாரோ ஒரு பெண்ணின் யுபிஐ ஐடி. ஒருமுறை கொஞ்சம் ஜெயித்து எடுத்தார்; அதுவும் முன்பின் தெரியாத ஒருவர் கணக்கிலிருந்து வந்தது. சில வாரம் கழித்து அவருடைய சம்பளக் கணக்கை வங்கி முடக்கியது. கிளையில் போய்க் கேட்டோம். அதிகாரி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்: வேறு மாநில சைபர் கிரைம் போலீஸின் புகார் எண், அதற்குக் கீழே இவருக்கு வந்த அதே தொகை. எங்கோ ஒருவரிடம் மோசடி செய்து பறித்த பணம் கைமாறிக் கைமாறி இவருக்கு "ஜெயித்த பணமாக" வந்திருக்கிறது. "நான் யாரையும் ஏமாத்தலீங்க சார், ஜெயிச்ச காசுதானுங்க" என்று அந்த அதிகாரியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மாதச் சம்பளம் கணக்கில் விழுந்தது, எடுக்க முடியவில்லை. வீட்டு வாடகைக்கு மாமனாரிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. வேறு மாநிலக் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதி, விளக்கம் கொடுத்து, தடையை நீக்கச் சொல்லி இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்.

இந்த முறையில் பணம் நகர்த்துவது அந்தத் தளங்களுக்கு விபத்து அல்ல. நேரடியாக வங்கிக் கணக்கு வைத்துத் தொழில் நடத்த இங்கே அனுமதி இல்லாததால், அடுத்தவர் கணக்குகளை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். மாதம் இவ்வளவு கமிஷன், உன் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு என்று கல்லூரி மாணவர்களைக் கேட்பதும் இந்தக் கூட்டம்தான். கொடுத்தவர் மேல்தான் முதலில் வழக்கு வரும்.

வரியைப் பற்றியும் ஒரு பொய். "வெளிநாட்டுத் தளம் என்பதால் வரி இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தளம் எந்த நாட்டில் இருந்தாலும், இங்கே வசிப்பவர் பந்தயத்தில் ஜெயித்த தொகைக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் உண்டு. மற்ற வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இந்தத் தொகைக்கு அந்த விலக்கு கிடையாது. பந்தயத்தில் விட்டதைச் சம்பளத்திலோ கடை வருமானத்திலோ கழிக்கவும் முடியாது. இதற்கு நேர்மாறான இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. பெரிய தொகை ஜெயித்ததாகத் திரையில் காட்டிவிட்டு, "முதலில் 30 சதவீத வரியை எங்களுக்குக் கட்டுங்கள், பிறகு விடுவிக்கிறோம்" என்பார்கள். டிடிஎஸ் என்பது கொடுக்கும் பணத்தில் பிடித்துக்கொள்வது. பணத்தைக் கொடுக்காமல் வரியை மட்டும் முன்கூட்டிக் கேட்பவர் மோசடிக்காரர். அதில் சந்தேகமே வேண்டாம்.

"குராசாவ் அரசின் உரிமம் பெற்றது, எனவே சட்டபூர்வமானது" என்ற வரிக்கு என் பதில் சுருக்கமானது. கரீபியன் கடலில் உள்ள அந்தத் தீவு கொடுத்த உரிமம் இந்தியாவில் தொழில் நடத்தக் கொடுத்த அனுமதி ஆகாது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் பற்றிய அட்டவணையைத்தான் நீக்கியது; பந்தயத்துக்கான தடையைத் தொடவில்லை. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை, திறமை அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்காமல், முழுவதுமாகத் தடை செய்கிறது. விளம்பரத்துக்கு இரண்டாண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் வைக்கிறது. உங்களைப் போன்ற டிஜிட்டல் செய்தி நிறுவனங்கள் வெளிநாட்டுப் பந்தயத் தளங்களின் மறைமுக விளம்பரங்களையும் போடக் கூடாது என்று 2022 அக்டோபர் 3 அன்றே தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்தியது. உங்கள் சட்டப் பிரிவுக்கு இது எல்லாம் தெரியாமல் இருக்க வழியில்லை.

உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் தமிழில் மட்டும் படிப்பவர்கள். ஆட்ஸ் என்றால் என்ன, நிபந்தனைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் தேடிப் பார்க்க அவர்களுக்கு வசதி இல்லை. அவர்களுக்குத் தமிழில் கிடைத்த ஒரே விளக்கம் உங்களுடையது. ஸ்கோரைச் சரியாகச் சொல்லும் செயலி இதையும் சரியாகத்தான் சொல்லும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நீங்கள் விற்றிருக்கிறீர்கள்.

ஆகவே நான் கேட்பது:

அந்தக் கட்டுரையையும், அதே தளத்துக்கு இணைப்புள்ள மற்றப் பதிவுகளையும், அவற்றின் பகிர்வு இணைப்புகளோடு சேர்த்து நீக்குங்கள். சந்தா இல்லாதவர்களுக்கும் அதைக் காட்டக் கூடாது.

கட்டுரை எந்த இடத்தில் வந்ததோ அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், அது பணம் வாங்கிப் போட்ட விளம்பரம் என்று அறிவியுங்கள். ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு உதவும் தகவலையும் அதில் சேர்த்து வெளியிடுங்கள். அவர்களுக்கு இப்படிச் சொல்லுங்கள்: விட்டதைப் பிடிக்க இன்னொரு பந்தயம் கட்டாதீர்கள். பணம் கட்டிய யுபிஐ பரிவர்த்தனை எண்கள், தளத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகள், டெலிகிராம் உரையாடல்களை அழிப்பதற்கு முன் எடுத்து வையுங்கள். மோசடி என்று தெரிந்த உடனே 1930க்கு அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டிருக்கும். யாருக்கும் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுக்காதீர்கள். கொஞ்ச நாளைக்கு யுபிஐ இருக்கும் போனை வீட்டில் நம்பும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆடாமல் இருக்க முடியவில்லை, தூக்கம் வரவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்பவர்கள் 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். சூதாட்டப் பழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. சிகிச்சை உண்டு என்பதையும் எழுதுங்கள்.

அந்தத் தளத்திடமிருந்து இந்தக் கட்டுரைக்கு நீங்கள் பெற்ற தொகை எவ்வளவு, இணைப்பு வழியாகச் சேர்ந்தவர்கள் விட்ட பணத்தில் உங்களுக்குப் பங்கு உண்டா என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

என் சந்தாவில் மீதமுள்ள மாதங்களுக்கான தொகையை, விளம்பரமில்லா உறுதியை மீறியதற்காகத் திருப்பித் தாருங்கள்.

2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி டிஜிட்டல் செய்தி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 15 நாட்களுக்குள் புகாரின் மீது முடிவெடுத்துத் தெரிவிக்க வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திலும், தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்திலும் இதே ஆவணங்களோடு புகார் அளிப்பேன். கட்டுரையின் ஸ்கிரீன்ஷாட்டுகள், நிபந்தனைப் பக்கத்தின் நகல், சந்தா ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளேன். அந்த இளைஞரின் வங்கி விவரங்களை அவர் அனுமதி இல்லாமல் தர மாட்டேன். காவல்துறை கேட்டால் அவரே நேரில் தரத் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
ஈரோடு.