‘வெளியிலும் போடலாம்’ என்றால் எந்த வெளி?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் பொங்கோலில் என் மகன் புது வீடு எடுத்தபோது பால்கனிக்கு என்று 2 பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கினான். ஒரே வார்ப்பு, வளைந்த முதுகு, வெள்ளை நிறம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குள்ளும் போடலாம், வெளியிலும் போடலாம் என்று அட்டையிலேயே அச்சடித்திருந்ததால் நாங்களும் வேறு எதுவும் கேட்கவில்லை. 8 மாதம் ஆகியிருக்கும், உட்கார்ந்து எழுந்தால் கறுப்புக் கால்சட்டையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. கடையில் போய்க் கேட்டால், நேரடி வெயிலில் வைத்தால் உத்தரவாதம் கிடையாதாம். வெயில் படாத வெளி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

வடிவமைப்பைக் குறை சொல்லவில்லை. டென்மார்க் வடிவமைப்பாளர் வெர்னர் பான்டன் முழுக்க ஒரே துண்டாக வார்த்த நாற்காலி 1967-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது, அது இன்றும் அழகுதான். 1999 முதல் அதையே பாலிபுரொப்பிலின் என்ற பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். சிக்கல் அந்தப் பொருளில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு மேற்பரப்பு நொறுங்கிப் பொடியாகிவிடும், அதைத் தடுக்க வார்க்கும்போதே ஒரு மருந்து கலக்க வேண்டும், எவ்வளவு கலந்தார்கள் என்பது கடையில் நின்று பார்க்கிற நமக்கு எப்படித் தெரியும்? அப்புறம் ஐரோப்பாவில் வெளியில் போடும் நாற்காலி என்றால் பலரும் கோடையில் எடுத்துப் போட்டுக் குளிர் வந்ததும் உள்ளே வைத்துவிடுவார்கள். நமக்கு ஏது அந்த ஓய்வு? பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை பக்கத்தில் இருக்கிறோம், வருடம் முழுக்க வெயில், அதற்கு மேல் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை.

மழை என்றதும் இன்னொன்று. மகன் வாங்கிய நாற்காலியின் குழிந்த இருக்கையில் ஒரு பொட்டு ஓட்டை கிடையாது. தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கும், ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு குடும்பமே நடத்திவிடும். காப்பிக்கடை பிளாஸ்டிக் முக்காலியைப் பாருங்கள், நடுவில் வட்டமாக ஓட்டை. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காம், ஆனால் மழைத் தண்ணீரும் அது வழியாகவே இறங்கிவிடுகிறது! வடிவமைப்பாளர் கான்ஸ்டன்டின் கிர்சிச் 2004-இல் அலுமினியத்தில் செய்த ‘சேர் ஒன்’ நாற்காலியின் இருக்கை முழுக்க இடைவெளிதான், தண்ணீர் நிற்கவே நிற்காது. பிளாஸ்டிக்கில் சின்னதாக ஒரு துளை போட என்ன செலவாகிவிடும்?

கடைகள் அட்டையில் 3 விஷயம் எழுதட்டும்: என்ன பொருள், புற ஊதாத் தடுப்பு கலந்திருக்கிறதா, ‘வெளி’ என்பது கூரை போட்ட பால்கனியா திறந்த வெளியா. உங்கள் பத்திரிகையும் வீட்டுப் பொருள் வாங்குவோருக்கு இதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டால் நல்லது.

கடைசியில் கடைக்காரர் ஒரு வழி சொன்னார், உறை போட்டு மூடி வைக்கச் சொல்லி. உறைக்குத் தனியாக 45 வெள்ளியாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்